வென்ஷோ மூளையும் காரைநகர் ரத்தமும்

லண்டனில, ரெய்னர்ஸ் லேன் கடை வரிசையில, என்ர கடைக்கும் மதாம் ஹானின்ர கடைக்கும் முன்னால, கையில ரெண்டு லீஸ் பேப்பரோட ஒரு பிள்ளை நிண்டு கத்துறா. எஸ்டேட் ஏஜென்ட் கந்தோரில இருந்து வந்தவ. நல்ல பிள்ளை, வழமையா சிரிச்சுக்கொண்டுதான் வாறவ. அண்டைக்கு முகம் சிவந்துபோய் நிக்கிறா.

"மிஸ்டர் நேசன், நீங்கள் சைன் வைக்கிறீங்களா, இல்லையா? ரெண்டில ஒண்டு சொல்லுங்கோ!" எண்டு இங்கிலிஷில கேக்கிறா.

நான் கடைவாசலில ஸ்டூலில இருந்து கச்சான் கடலை உடைச்சுக்கொண்டு, "பாப்பம், அடுத்த கிழமை சொல்லுறன்" எண்டன். சொல்லுறபோதே என்ர கண் என்னை அறியாமல் பக்கத்துக் கடைக்குப் போட்டுது.

அங்க மதாம் ஹானும் தன்ர ஸ்டூலில இருந்து சூரியகாந்தி விதை கொறிச்சுக்கொண்டு என்னைத்தான் பாக்கிறா.

அந்தப் பார்வையைப் பற்றித்தான் இந்தக் கிழமை எழுதப்போறன். அதுக்குக் குணம் அண்ணையில இருந்து தொடங்க வேணும். என்ர வாழ்க்கையில நடந்த முக்கால்வாசிக் குழப்பமும் அவரில இருந்துதானே தொடங்கினது!

குணம் அண்ணையின்ர உலகப்படம்

இந்தத் தொடரை விடாமல் வாசிக்கிற ஆக்களுக்குக் குணம் அண்ணையைத் தெரியும். புதுசா வந்த ஆக்களுக்குச் சொல்லுறன். பாரிசில, லா ஷப்பலில, ஒரே அறையில நாங்கள் கனபேர் அடைஞ்சு கிடந்த காலத்தில அந்த அறைக்குப் பெரியவர் அவர். நான் ரெஸ்ரோறண்டில கோப்பை கழுவினன். அவர் கதைச்சார். இப்ப லண்டனில ஒரு பெற்றோல் ஸ்டேஷன் பாக்கிறார். வேலை மாறினது, கதை மாறேல்லை.

அவரிட்ட உலகத்தில இருக்கிற எல்லா ஊருக்கும் ஒரு குறிப்பு இருக்கு. வல்வெட்டித்துறை எண்டால் கடல். புங்குடுதீவு எண்டால் சாப்பாட்டுக்கடை. காரைநகர் எண்டால் பலசரக்குக்கடை. எங்கட ஊரோட நிண்டாலும் பரவாயில்லை, மனுசன் சீனாவையும் விட்டுவைக்கேல்லை.

"கன்டன் ஆக்கள் சட்டி பிடிக்கப் பிறந்தவை. ஷாங்காய் ஆக்கள் கையில காசு படாமலே காசு உழைப்பினம். ஆனால் தம்பி, வென்ஷோ! வென்ஷோக்காரனைப் பாலைவனத்தில இறக்கிவிட்டுப் பார். பின்னேரத்துக்குள்ள மணலைப் பையில போட்டு வித்துக்கொண்டு நிப்பான்!"

வென்ஷோ சீனாவின்ர கிழக்குக் கரையில ஒரு நகரம். பாரிசில இருந்த எங்களுக்கு அந்தப் பேர் தண்ணி பட்ட பாடு. தோல்பை, பெல்ட், குடை எண்டு மொத்தமா விக்கிற தெருவில பாதி அவையின்ர கடையள். எங்கட பெடியள் அங்க பெட்டி இறக்கப் போவினம். வந்து கதை கதையாச் சொல்லுவினம். சொந்தக்காரர் எல்லாம் சேர்ந்து சீட்டுப் பிடிச்சுக் கடை போடுகினமாம். முதலாளியே பெட்டிக்கு மேல நித்திரை கொள்ளுறாராம்.

"அண்ணை, நாங்களும் சீட்டுப் பிடிக்கிறம். நாங்களும் பெட்டிக்கு மேலதான் படுக்கிறம். எங்களையும் அப்பிடிச் சொல்லலாமே?" எண்டு ஒருநாள் கேட்டன்.

"அது வேற" எண்டார்.

குணம் அண்ணையின்ர உலகப்படத்தில அடங்காத எல்லாத்துக்கும் அந்த ஒரு சொல்லுத்தான். அது வேற.

மாமாவின்ர தராசு

நான் காரைநகர். மறைக்கிறதுக்கு ஒண்டுமில்லை. ஆனால் அதைச் சொன்ன உடன சனம் என்னைப் பாக்கிற பார்வை இருக்கே, கல்லாப்பெட்டியை எங்க ஒளிச்சு வைச்சிருக்கிறான் எண்ட மாதிரி இருக்கும். எங்கட ஐயா பஸ் டிப்போவில நேரம் பதியிற வேலை பாத்தவர். வாழ்க்கையில ஒரு நெருப்புப்பெட்டிகூட வித்தவரில்லை.

அம்மாவின்ர தம்பிக்குத் தெற்கில, காலி நகரப் பக்கம் கடை. நான் பள்ளிக்கூடம் முடிச்ச கையோட, "இவனும் எங்கட ரத்தம்தானே" எண்டு மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பருப்பு நிறுக்கிற இடத்தில விட்டார். எனக்கு ஒரு வருத்தம். தராசு முள்ளு நேரா நிண்டால் மனம் கேளாது. இன்னொரு பிடி அள்ளிப் போட்டால்தான் ஆறுதல். வாங்குற மனுசியின்ர முகம் மலர்றதைப் பாக்க எனக்கு அப்பிடி ஒரு சந்தோசம்!

மாமாவின்ர முகம் மலரேல்லை. கொஞ்சநாள் பொறுத்தார். பேந்து யாழ்ப்பாண பஸ்சில ஏத்திவிட்டார். "அக்கா, இவன் அத்தான்ர பக்கம்" எண்டு அம்மாவுக்குச் சொல்லியும் விட்டார்.

அப்பிடிப்பட்ட நான் லண்டனில ஏன் பலசரக்குக்கடை போட்டன் எண்டு நீங்கள் கேப்பியள். பாரிசில அவ்வளவு காலமும் ஆரோ ஒருத்தன் கதவைத் திறக்க உள்ள போய், ஆரோ ஒருத்தன் போகச் சொல்ல வெளிய வந்த ஆள் நான். என்ர கதவை நானே திறந்து, நானே பூட்ட வேணும். அவ்வளவுதான் ஆசை. அது பெரிய ஆசை எண்டு பிறகுதான் விளங்கினது.

பக்கத்துக் கடை

நான் கடை திறந்து கொஞ்சக்காலத்தில பக்கத்தில மதாம் ஹான் வந்தா. டேக்அவே. நூடில்ஸ், ஃப்ரைட் ரைஸ், கொழுக்கட்டை மாதிரி அவிச்ச டம்ப்ளிங். என்னைவிடக் கொஞ்சம் வயது கூட. உரத்த குரல், அகலமான சிரிப்பு. இங்கிலிஷ் எனக்கும் மட்டுமட்டு, அவவுக்கும் மட்டுமட்டு. முதல்நாள் குப்பை வாளியை எங்க வைக்கிறதெண்டு ரெண்டு பேரும் கையால கதைச்சுக் களைச்சுப்போய், அவ வாய்க்குள்ள பிரெஞ்சில ஒரு தூசணம் விட்டா. நான் திகைச்சுப்போனன். மதாம், நீங்களும் பாரிசோ?

பிறகு கேக்கவேணுமே! லண்டனில ஒரு தமிழனும் ஒரு சீனப் பொம்பிளையும் பிரெஞ்சில பாரிசின்ர வீட்டு வாடகையைத் திட்டுறதைப் பாத்து, பஸ்ஸுக்கு நிக்கிற வெள்ளைக்காரச் சனம் விறைச்சுப்போய் நிண்டது. இனி இந்தக் கதையில மதாம் பேசுறதெல்லாம் பிரெஞ்சு எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

குணம் அண்ணைக்குச் சொன்னன். மனுசன் துள்ளிக் குதிச்சார். "பாரிசில இருந்து வந்து லண்டனில கடை போடுற சீனத்தி எண்டால் வென்ஷோதான்ரா! வேற என்ன? நேசன், நீ குடுத்துவைச்சவன். கண்ணை மூடாமல் அவவைப் பாத்துக்கொண்டிரு."

நான் மதாமிட்டயே கேட்டன். "வென்ஷோவோ?" அவ ஒரு மாதிரிச் சிரிச்சு, கை நிறைய சூரியகாந்தி விதையை அள்ளித் தந்தா. இல்லையெண்டு சொல்லேல்லைத்தானே? ஓம் எண்டு எடுத்துக்கொண்டன்.

பிறகுதான் வந்தது வினை. ஸ்டேஷன் பக்கத்தில ஒரு பெரிய தமிழ்ச் சூப்பர்மார்க்கெட் திறந்தாங்கள். மீனும் இருக்கு, மரக்கறியும் இருக்கு, கார் விட இடமும் இருக்கு. என்ர கடையில சனம் குறையத் தொடங்கினது.

என்ர மனுசி சுகந்தி கெயார் ஹோமில வேலை. ஷிப்ட் முடிச்சு வந்து கடையிலயும் நிப்பா. ஒருநாள் சப்பாத்தைக் கழட்டி, காலைப் பிடிச்சுக்கொண்டு சொன்னா: "இஞ்சருங்கோ, லீஸ் முடியிறதோட கடையைக் குடுத்திடுவம். என்ர காலுக்கு ஏலாதப்பா. ஹீத்ரோவில பிளேனுக்குச் சாப்பாடு கட்டுற இடத்தில ஆள் எடுக்கினமாம். நீங்களும் அங்க போனால் ரெண்டு பேரும் நேரத்துக்குப் படுக்கலாம்."

அவ சொன்னதில ஒரு பிழையுமில்லை. அதுதான் பிரச்சினை. திரும்பவும் ஆரோ ஒருத்தன்ர கதவு. லீஸ் முடிய ஒரு மாரிகாலம்தான் மிச்சம். அதுக்குள்ள ஏதாவது செய்யவேணும்.

வென்ஷோ முறை

மதாம் ஹானை வடிவாப் பாக்கத் தொடங்கினன்.

முதல் கண்டுபிடிப்பு: அவ கவுண்டருக்குப் பின்னால நிக்கிறதே இல்லை. வேலை இல்லாத நேரம் வாசலில ஸ்டூலைப் போட்டு விதை கொறிச்சுக்கொண்டு, போற வாற சனத்தோட கதை. நாய் கூட்டிக்கொண்டு போற கிழவனுக்கு நாயின்ர சுகம் விசாரிப்பா. ஆகா, இது ஆளை இழுக்கிற தந்திரம் எண்டு எனக்குப் பட்டுது. அடுத்தநாளே ஒரு ஸ்டூல் வாங்கினன். சூரியகாந்தி விதை எனக்குச் சரிவராது, கச்சான் எடுத்தன்.

ரெண்டாவது கண்டுபிடிப்பு: ஒரு ஆள் கேட்டால் ரெண்டு ஆள் தின்னுற அளவு போடுவா. டப்பா மூட மாட்டுது, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் குடுப்பா. வென்ஷோக்காரி காரணமில்லாமல் அள்ளிக் குடுப்பாவோ? நானும் குடுக்க வேணும். எதைக் குடுக்கலாம்? சுத்திப் பாத்தன். கறிவேப்பிலை!

ஊரில கறிவேப்பிலை காசுகுடுத்து வாங்குற சாமானில்லை. மரக்கறியோட ஒரு நெட்டு சும்மா வரும். லண்டனில அது என்ன விலை எண்டு இங்க இருக்கிற ஆக்களுக்குத் தெரியும். நான் மரக்கறி வாங்குற எல்லாருக்கும் ஒவ்வொரு நெட்டு வைக்கத் தொடங்கினன். சுகந்தி ஷிப்ட் முடிஞ்சு வந்து பாத்தா, அவ்வளவுதான்.

"உங்களுக்கென்ன விசரே? நகைப்பெட்டியில வைக்கவேண்டிய சாமானை அள்ளி அள்ளிக் குடுக்கிறியள்!"

"பொறும் சுகந்தி. இது வென்ஷோ முறை."

"என்ன முறை?"

விளங்கப்படுத்தினன். ஸ்டூலையும் காட்டினன். "காரைநகரில பெண் குடுத்த உடன எங்கட ஆக்கள் என்ன பெருமையாச் சொன்னவை தெரியுமே? வியாபார ரத்தமாம். கோதாரி விழுந்த ரத்தம்!" எண்டுபோட்டு உள்ள போட்டா.

ஆனால் ஒண்டு சொல்லவேணும். அந்த ஸ்டூல் எனக்குப் பிடிச்சுப்போச்சு. கறிவேப்பிலையைக் கையில வாங்கின உடன மனிசர் மணந்து பாப்பினம். பாத்தால் ஊர்க்கதை வரும், சுகதுக்கம் வரும். ஸ்ட்ரெதமில இருந்து மகள் வீட்டுக்கு வாற ஒரு அம்மா, பஸ்ஸால இறங்கினால் என்ர கடைக்கு வராமல் போறதில்லை. வாசலில ரெண்டு வாழைக்காய்ப் பெட்டியைக் கவிட்டு விட்டன். அதிலயும் ஆக்கள் இருக்கத் தொடங்கிச்சினம். மதாமிட்ட சாப்பாடு வாங்குற சனம் என்ர பெட்டியில இருந்து சாப்பிட்டுது.

இதெல்லாம் காணுமோ காணாதோ எண்டு எனக்குத் தெரியாது. கடை கொஞ்சம் மூச்சு விட்டது உண்மை. லீஸை இன்னும் சில வருசத்துக்கு எடுக்கிறதெண்டால் துணிவு வேணும். எனக்கிருந்த ஒரே துணிவு பக்கத்துக் கடைதான். வென்ஷோ மூக்கு பிழை விடாது. மதாமின்ர லீஸும் என்ரதோடதான் முடியுது. அவ சைன் வைச்சால் இந்த இடத்துக்கு எதிர்காலம் இருக்கு. அவ வைக்கட்டும், பிறகு நான் வைக்கிறன். சுகந்தியையும் கையில காலில விழுந்தெண்டாலும் சம்மதிக்கப் பண்ணலாம் எண்டு நினைச்சன்.

ஆனால் மதாம் வைக்கிறாவே இல்லை!

ஆர் முதல்?

இப்ப திரும்பவும் அந்த நடைபாதை. ஏஜென்ட் பிள்ளைக்குப் பொறுமை முடிஞ்சுது.

"போன கிழமையும் அடுத்த கிழமை எண்டுதான் சொன்னீங்கள். நான் அவவிட்டப் போனால், மிஸ்டர் நேசன் வைச்சாப் பிறகுதான் தான் வைப்பன் எண்டுறா. உங்களிட்ட வந்தால் நீங்கள் அவவைப் பாக்கிறீங்கள். என்னை வைச்சு ரெண்டு பேரும் என்ன விளையாட்டு விளையாடுறீங்கள்?"

எனக்குக் கச்சான் தொண்டையில சிக்கினது. நான் வைச்சாப் பிறகோ?

சுகந்தி உள்ள முருங்கைக்காய் அடுக்கிக்கொண்டு நிண்டவ, கையில ஒரு முருங்கைக்காயோட வெளிய வந்தா. நேரா மதாமிட்டப் போய்த் தன்ர இங்கிலிஷில கேட்டா. "ஏன் என்ர மனுசனுக்காகக் காத்திருக்கிறியள்?"

மதாம் ஸ்டூலில இருந்து எழும்பினா. முகம் எல்லாம் வெக்கம். என்னைப் பாத்துப் பிரெஞ்சில சொன்னா: "நீங்கள் காரைநகர் அல்லோ?"

அந்தச் சொல்லை அந்த வாயில கேட்ட உடன எனக்குப் புரைக்கேறிட்டுது. சுகந்தி முதுகில ரெண்டு தட்டுத் தட்டினா.

"ஆர் சொன்னது?"

"மெஸ்யூ குணம். ஃப்ரைட் ரைஸ் வாங்க வரேக்க சொல்லுவார். உங்கட ஊர் ஆக்கள் கடையிலயே பிறந்தவையாம். உங்களைப் பாத்துக்கொண்டிருந்தால் காணும், பிழைச்சுக்கொள்ளலாமாம். நீங்கள் சைன் வைக்காமல் இருக்கிறியள். அப்ப இந்த இடத்தில ஏதோ பிழை இருக்கவேணும் எண்டு நினைச்சன்."

"மதாம், நான் உங்களையல்லோ பாத்துக்கொண்டு இருந்தனான்! நீங்கள் வென்ஷோ எண்டு!"

"நான் வென்ஷோவோ?"

அவ சிரிக்கத் தொடங்கினா பாருங்கோ. சுவரைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா. விதைப்பை கையால விழுந்து நடைபாதை முழுக்கச் சிதறினது. எனக்கும் சிரிப்பு வந்திட்டுது. சுகந்திக்கு ஒண்டும் விளங்கேல்லை, ஏஜென்ட் பிள்ளைக்கு அதைவிட விளங்கேல்லை.

கண்ணைத் துடைச்சுக்கொண்டு மதாம் சொன்னா. அவ ஷென்யாங். சீனாவின்ர வடகிழக்கு. இரும்புத் தொழிற்சாலையில வேலை பாத்தவ. தொழிற்சாலை பூட்டுப்பட, பாரிசுக்கு வந்து ஒரு வென்ஷோ வீட்டில பிள்ளை பாத்தவ. அந்த வீட்டு முதலாளியம்மாவிட்டையும் ஒரு உலகப்படம் இருந்ததாம். வடகிழக்கு ஆக்களுக்குப் பெரிய கோப்பை, பெரிய வாய், வெறும் கல்லாப்பெட்டி. வியாபாரம் மட்டும் வராதெண்டு ஒவ்வொரு நாளும் சொல்லிக் காட்டுவாவாம்.

"நான் இஞ்ச கடை போட்ட உடன, பாரிசில இருந்து வந்ததால எல்லாரும் வென்ஷோ எண்டு நினைச்சினம். சாமான் தாறவங்களும் மரியாதையாக் கதைச்சாங்கள். நானும் பேசாமல் விட்டிட்டன்."

"அப்ப அந்த ரெண்டு ஆள் சாப்பாடு?"

"எங்கட ஊரில அது ஒரு ஆள் சாப்பாடு! குறைச்சுப் போடவேணும், குறைச்சுப் போடவேணும் எண்டு ஒவ்வொரு நாளும் நினைப்பன். பேந்து நீங்கள் அந்த இலையைச் சும்மா குடுக்கத் தொடங்கினியள். காரைநகர் மனுசன் சும்மா குடுக்கிறார் எண்டால் அதில ஏதோ இருக்கு எண்டு, நானும் குறைக்கேல்லை."

"மதாம், எந்தப் பக்கம் எண்டு சொன்னியள்?"

"வடகிழக்கு."

"நாங்களும் வடகிழக்குத்தான்" எண்டன். அவ நான் பகிடி விடுறன் எண்டு நினைச்சா. இல்லை மதாம், இலங்கையில எங்கட ஆக்களின்ர இடத்துக்கு அதுதான் பேர் எண்டு சொன்னன். அவ என்ர கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குலுக்கினா. எனக்கு ஏனெண்டு தெரியேல்லை, கண் கலங்கிப்போச்சு.

எல்லாத்தையும் சுகந்திக்குத் தமிழில சொன்னன். அவ சிரிக்கேல்லை. முருங்கைக்காயைக் கையில வைச்சபடி ரெண்டு கடையையும் மாறி மாறிப் பாத்தா. வாழைக்காய்ப் பெட்டியில ரெண்டு கிழவர் நூடில்ஸ் சாப்பிடுகினம். ஸ்ட்ரெதம் அம்மா கறிவேப்பிலையை மூக்கில பிடிச்சுக்கொண்டு எங்களை வேடிக்கை பாக்கிறா.

"அப்ப உங்கள் ரெண்டு பேருக்கும் வியாபாரம் தெரியாது?"

"தெரியாது" எண்டன்.

"தெரியாமலே இவ்வளவு நாளும் ரெண்டு கடையும் நிண்டிருக்கு?"

"ஓம்."

அவ ஏஜென்ட் பிள்ளையிட்டக் கையை நீட்டினா. "பேனையைத் தாங்கோ, பிள்ளை."

"சுகந்தி, கால் ஏலாதெண்டு சொன்னனீர்?"

"ஏலாதுதான். எனக்கும் ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுங்கோ."

லீஸ் எங்கள் ரெண்டு பேரின்ர பேரிலயும்தான். அவ வைச்சா, நான் வைச்சன், மதாமும் வந்து தன்ர பேப்பரில வைச்சா. எனக்கு அந்த நடைபாதையில நிண்டு கூக்காட்ட வேணும் போல இருந்தது. ஏஜென்ட் பிள்ளையின்ர கையில ஒரு கட்டுக் கறிவேப்பிலையைத் திணிச்சன். அவ அதைப் பூங்கொத்து மாதிரிப் பிடிச்சுக்கொண்டு போனா.

அது வேற

குணம் அண்ணைக்குச் செய்தி போய், அண்டைக்குப் பின்னேரமே வந்திட்டார். நாங்கள் மூண்டு பேரும் சேர்ந்து அவரைப் பிடிச்சம். மனுசன் அசரவேணுமே!

"வடகிழக்குச் சீனத்தியோ? அப்ப சரிதானே! வடகிழக்கு ஆக்கள் கதையாலயே ஆளை இழுப்பினம். அதோட காரைநகர் ரத்தமும் சேர, கடை நிக்காமல் என்ன செய்யும்?"

"அண்ணை, எங்கள் ரெண்டு பேருக்கும் வியாபாரம் தெரியாது. நாங்களே சொல்லுறம்."

"அது வேற" எண்டுபோட்டு, மதாமிட்ட ஒரு ஃப்ரைட் ரைஸ் சொன்னார். டப்பா மூட மாட்டன் எண்டு நிண்டது.

இந்த வருசம் மதாமின்ர கடைக்கு அங்கால வெறுமையாக் கிடந்த கடையை ஒரு குர்திஷ் மனுசன் எடுத்திருக்கிறார். முடிவெட்டுற கடை. பேர் அசாத். திறந்து சில நாள்தான், வாசலில ஒரு ஸ்டூல் முளைச்சுது. பிறகு முடிவெட்ட வாற ஆக்களுக்குச் சும்மா தேத்தண்ணி. ஒரு கிளாஸ் இல்லை, ரெண்டு.

நான் மெல்லக் கேட்டன். "அசாத், இந்த இடத்தை எப்பிடிப் பிடிச்சனீங்கள்?"

"ஏஜென்ட் சொன்னா, பக்கத்தில சீனர், அதுக்கு அங்கால தமிழர் எண்டு. உடன சைன் வைச்சிட்டன். தமிழரும் சீனரும் கடை எடுத்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். நீங்கள் செய்யிறதை அப்பிடியே செய்தால் காணுமாம்."

நான் மதாமைப் பாத்தன். மதாம் என்னைப் பாத்தா. "சொல்லுவமோ?" எண்டு பிரெஞ்சில கேட்டன். அவ தலையை ஆட்டி வேண்டாம் எண்டுபோட்டு, அசாத்தின்ர கை நிறைய விதையை அள்ளி வைச்சா.

தன்ர ஸ்டூலில காலை நீட்டிக்கொண்டு இருந்த சுகந்தி என்னைக் கூப்பிட்டா.

"இஞ்சருங்கோ, அவருக்கும் கொஞ்சம் கறிவேப்பிலை குடுங்கோ."